மருதாத்தாளுக்கு எழுதிய பதினோரு நிமிஷம்

"கேட்டது ஒண்ணு, இவிய சொல்றது ஒம்போது! மாடு என்ன நெறமுன்னு கேட்டா, அந்த மாட்டோட ஆத்தாள எந்தச் சந்தையில புடிச்சாங்கங்கறதுல இருந்து ஆரம்பிக்கறாங்க. அங்க முன்சீப்பு பேனாவப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறாரு. கேட்டதுக்குப் பதிலச் சொல்லிப்போட்டு எறங்கறதுக்கு என்னங்கறேன்?"

கோர்ட்டு டவாலி குப்பண்ணன் சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, கூண்டில் ஏறுகிற சாட்சிகளைப் பற்றி இதை ஆரம்பித்துவிடுவார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இருபத்திரண்டு வருஷம். அவர் மனைவி கமலாத்தாள் அடுப்படியை விட்டு வெளியே வராமலே பதில் சொல்லுவாள்.

"நீங்க மட்டும் என்னவாமா? உப்பு வாங்கீட்டு வாங்கன்னு தாட்டிவுட்டா, கடைக்காரன் மகளுக்கு மாப்ள பாத்த கதையக் கேட்டுப்போட்டு, உப்ப மறந்துட்டு வந்து நிக்கறீங்க."

கேரள எல்லையில் இருக்கிற கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் அந்த முன்சீப் கோர்ட்டு இருந்தது. குப்பண்ணனுக்கு அங்கே வேலை, மார்பில் பட்டை போட்டுக்கொண்டு வராந்தாவில் நின்று பேரைக் கூப்பிடுவது. ஒரு பேரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவது தடவைக்கும் ஆள் வரவில்லை என்றால் கேஸ் போய்விடும். அவர் தொண்டைக்கு டீக்கடையில் வடை தின்றுகொண்டிருப்பவனும் எழுந்து ஓடிவருவான்.

சம்பளத்தில் சேராத வேலை இன்னொன்றும் உண்டு. கொல்லத்திலிருந்தும் கண்ணூரிலிருந்தும் மாற்றலாகி வருகிற முன்சீப்புகளுக்கு நம் கிழக்கத்தித் தமிழ் பாதிதான் புரியும். சாட்சிக் கூண்டுப் பக்கத்தில் நின்று, அவர்கள் கேட்பதைத் தமிழிலும் இவர்கள் சொல்வதை மலையாளத்திலும் குப்பண்ணன்தான் சொல்லுவார். அதனால் கூண்டில் ஏறுகிறவர்கள் முன்சீப்பைப் பார்த்துப் பேசவே மாட்டார்கள். குப்பண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். அவர் தலையை ஆட்டினால் பேசுவார்கள், முறைத்தால் நிறுத்திக்கொள்வார்கள்.

மருதாத்தாளும் அப்படித்தான் பார்த்தாள்.

அவள் ஏழு வருஷமாக அந்தக் கோர்ட்டுக்கு வந்துகொண்டிருந்தவள். புருஷன் காளிச்சாமி அறுபத்தெட்டாம் வருஷம் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தான். ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு, இரண்டு ரூம் ஓட்டு வீடு, இவ்வளவுதான் அவளுக்கு விட்டுப்போனது. பிள்ளைகள் இல்லை. கருமாதி முடிந்து ஒரு மாசத்தில், புருஷனின் அண்ணன் பொங்கியண்ணன் அவளைப் பஸ் ஏற்றி ரெஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போனார். கிணற்று மோட்டாருக்கான கரண்டு கனெக்ஷனை அவள் பேருக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார். அவளும் காட்டிய இடத்தில் பெருவிரலை வைத்தாள். அடுத்த வருஷம் அவர் ஒரு பத்திரத்தை எடுத்துக் காட்டினார். நிலம், கிணறு, வீடு எல்லாவற்றிலும் தன் பாத்தியத்தை மனசார மச்சாண்டார் பொங்கியண்ணனுக்கு விட்டுக்கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது. கீழே இவள் விரல்.

அந்தப் பத்திரம் செல்லாது என்றுதான் கேஸ். ஜெயித்தால் வீடு. தோற்றால் தெரு.

வாய்தா நாளில் முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவாள். வராந்தாவில் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் உட்காருவாள். முதல் கூப்பாட்டுக்கே எழுந்து நிற்பாள். அதனாலேயே குப்பண்ணனுக்கு அவள் மேல் ஒரு மதிப்பு.

"ஏனுங்ண்ணா, இன்னைக்காச்சும் என்னயக் கேப்பாங்களா?"

"கேப்பாங்க அம்மிணி, கேப்பாங்க."

"அன்னைக்கு எங்க செவலை மாடு கன்னு போட்டிருந்துதுங்க. சீம்பாலு கறந்து வெச்சுப்போட்டு..."

"மாட்டுக் கதைய என்ற கிட்டச் சொல்லி என்னாகுது? கூண்டுல ஏறிச் சொல்லு போ."

அவளுடைய வக்கீல் கல்பாத்தியிலிருந்து வருகிற சேஷன். நல்ல மனுஷர், ஆனால் ஒரு காலை எப்போதும் அடுத்த கோர்ட்டில் வைத்திருப்பவர். அவரிடமும் அவள் மாட்டிலிருந்துதான் ஆரம்பிப்பாள். "மாட்டை விடும்மா. ஏமாத்திக் கைநாட்டு வாங்கினா, அவ்வளவுதானே? எழுதிண்டாச்சு, போ" என்று அவரும் நிறுத்திவிடுவார். ஏழு வருஷத்தில் மாட்டுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கூண்டில் கேட்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள்.

எழுபத்தாறாம் வருஷம் பங்குனியில் கடியாரக்காரர் வந்தார்.

அவர் பேர் சங்கரன்குட்டி. எர்ணாகுளத்திலிருந்து வந்தார். கழுத்தில் ஒரு கடியாரம், கையில் ஒரு கடியாரம், கை நிறையக் கட்டம் போட்ட தாள். பெஞ்ச் கிளார்க்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை போட்டுக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்தார். முன்சீப் எத்தனை மணிக்கு வந்து உட்காருகிறார், வாய்தா கொடுக்க எத்தனை நிமிஷம், சாட்சி கேட்க எத்தனை நிமிஷம், உள்ளே ரூமில் தீர்ப்பு எழுத எத்தனை நிமிஷம், எல்லாம் எழுதினார். முன்சீப் எழுந்து தண்ணீர் குடித்தால் அதையும் எழுதினார்.

அது எமர்ஜென்சி காலம். நாவை அடக்கு, வேலையைப் பார் என்று மலையாளத்தில் பஸ்ஸிலேயே எழுதி ஒட்டினார்கள். பத்து நிமிஷம் பிந்தி வந்த குமாஸ்தாவுக்கெல்லாம் வேலை போனது என்று பேச்சு. இந்த நேரத்தில் ஒரு மனுஷன் கடியாரத்தோடு வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் பயம் வராது? குப்பண்ணனுக்கு வந்தது. ஆபீசில் யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. டவாலியிடம் யார் சொல்லப்போகிறார்கள்? அவராகவே ஒன்றை முடிவு செய்துகொண்டார்.

"நம்ம கோர்ட்ட எடுத்துப்போடுவாங்க புள்ள. இங்க வேலை மெதுவா நடக்குதுன்னு எழுதிக் குடுத்தா, எல்லா கேசையும் பாலக்காட்டுக்குக் கொண்டுபோயிருவாங்க. நம்ம சனம் அங்க போயி ஆரு மூஞ்சியப் பாத்துப் பேசும்?"

"ஆரு சொன்னா உங்களுக்கு?"

"ஆராச்சும் சொல்லோணுமாக்கும்! பாத்தாத் தெரியலயா?"

"அந்த ஆளயே கேட்டுப்போட்டு வாங்களேன். வாயி இருக்குதல்ல?"

"அதெப்படிக் கேக்கறது? அவரு ஆபீசரு. நானு பட்டை கட்டறவன்."

கேட்கவில்லை. ஊர்ப்பட்ட பேரையெல்லாம் உரக்கக் கூப்பிட்ட வாய்க்கு, நாலு அடி தள்ளி உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்க வரவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதற்குப் பதிலாக அவர் கோர்ட்டைக் காப்பாற்றக் கிளம்பினார். தினம் காலையில் வராந்தாவில் இருந்தவர்களை எல்லாம் கூட்டி நிறுத்திப் பாடம் சொன்னார். "கேட்டதுக்கு ஆமாங்க, இல்லீங்க, அவ்வளவுதான். கதை பேசக்கூடாது. உள்ள ஒருத்தரு ஒவ்வொரு நிமிசமும் எழுதறாரு. நம்ம கோர்ட்டுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துராதீங்க, ஆமா." ஜனங்கள் கேட்டார்கள். குப்பண்ணன் சொன்னால் கேட்பார்கள். வேலை பறந்தது. சாட்சிகள் ஏறிய வேகத்தில் இறங்கினார்கள். சாயங்காலம் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்த மூன்று வாரம் மட்டும் அவருடைய தினப்படிப் புலம்பல் நின்றிருந்தது.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை மருதாத்தாளின் கேஸ் சாட்சிக்கு வந்தது.

ஏழு வருஷத்தில் முதல் தடவை கூண்டு. துவைத்த வெள்ளைச் சேலை, இடுப்பில் சுருக்குப் பை. குப்பண்ணன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மிணி, மாடு, கன்னு, சீம்பாலு எல்லாம் இன்னைக்கு வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் சொல்லு. நானு இப்பிடி மணிக்கட்டத் தொட்டேன்னா நிறுத்திக்கோ."

"செரீங்ண்ணா. உங்களுக்குத் தெரியாததா."

சேஷன் வக்கீல் நாலு கேள்வி கேட்டார். பன்னிரண்டு மணிக்குப் பாலக்காட்டில் அவருக்கு வேறு கேஸ் இருந்தது. ஏமாற்றித்தான் கைநாட்டு வாங்கினார்களா என்றார். ஆமாங்க என்றாள். பிறகு பொங்கியண்ணனின் வக்கீல் எழுந்தார்.

"இந்தக் கைநாட்டு உன்னோடதுதானே?"

"ஆமாங்க."

"யாராவது கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்களா?"

"இல்லீங்க."

"நீயாத்தான் பஸ்ஸேறிப் போனே?"

"ஆமாங்க."

"பத்திரத்தை உன் முன்னாடி படிச்சாங்களா இல்லையா?"

"படிச்சாங்க. ஆனாலுங்க..."

ஆனாலுங்க என்று சொல்லிவிட்டு அவள் குப்பண்ணன் முகத்தைப் பார்த்தாள். சங்கரன்குட்டி குனிந்து கடியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குப்பண்ணன் மணிக்கட்டைத் தொட்டார்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த முன்சீப்பையும் குறை சொல்ல முடியாது. அவர் பேனாவை நிறுத்தி அவளை ஒரு தடவை பார்த்தார். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று மலையாளத்தில் கேட்டார். குப்பண்ணன் அதைத் தமிழில் சொன்னார். சொல்லும்போது அவருடைய வலது கை இடது மணிக்கட்டின் மேலேயேதான் இருந்தது.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் மருதாத்தாள்.

சங்கரன்குட்டியின் தாளில் எழுதியாயிற்று. பதினொன்று இருபதிலிருந்து பதினொன்று முப்பத்தொன்று வரைக்கும். பதினோரு நிமிஷம். இறங்கும்போது அவள் குப்பண்ணனைப் பார்த்து, நல்லாச் சொன்னேனுங்களா என்று கண்ணாலேயே கேட்டாள். அவரும் தலையை ஆட்டினார்.

கடைசி நாள் சங்கரன்குட்டிக்கு ஆபீசில் டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தார்கள். கிளாஸை எடுத்துப்போன குப்பண்ணனிடம் அவர் தனக்குத் தெரிந்த தமிழில் பேசினார்.

"குப்பண்ணா, நிங்கட கோர்ட்டு நல்ல ஸ்பீடு கேட்டோ. ஒரு சாட்சிக்குப் பத்து, பதினொண்ணு மினிட்டு. வேற எங்கேயும் அரை மணிக்கூர் ஆவும்."

குப்பண்ணனுக்கு வாயெல்லாம் பல். "அப்ப நம்ம கோர்ட்ட எடுக்கமாட்டாங்கல்லங்க, சார்?"

"எடுக்கிறதா? எதுக்கு எடுக்கணும்?" அவருக்குப் புரியவில்லை. "ஜட்ஜிமாருக்கு வேலை எத்தனை இருக்குன்னு அளக்கிறதாக்கும் இது. நேரம் கூடுதல் ஆகிற ஸ்தலத்துக்கு இன்னொரு முன்சீப்பு தரச் சொல்லி எழுதலாம். ஏழும் எட்டும் வருஷமா ஜனங்க நடக்கிறது கொறயும். இவிடெ அது வேண்டா. இவிடெ எல்லாம் வேகந்தானே!"

குப்பண்ணன் கையிலிருந்த கிளாஸ் கீழே விழவெல்லாம் இல்லை. அதைக் கழுவி, கவிழ்த்து வைத்தார். பிறகு வராந்தாவுக்குப் போய் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் நின்றார்.

வைகாசியில் தீர்ப்பு. அவர்தான் பேரைக் கூப்பிட்டார். முதல் கூப்பாட்டுக்கே வந்துவிட்டாள். முன்சீப் இங்கிலீஷில் இரண்டு வரி படித்தார். கைநாட்டு தன்னுடையது என்று வாதியே ஒப்புக்கொள்கிறாள், தானே போனதாகவும், பத்திரத்தைத் தன் முன்னால் படித்துக் காட்டியதாகவும் சொல்கிறாள், வேறு விளக்கம் ஒன்றும் கொடுக்கவில்லை, கேஸ் தள்ளுபடி.

வெளியே வந்தவள் சுருக்குப் பையை இறுக்கிக்கொண்டே கேட்டாள். "மறுக்கா எப்ப வரச்சொல்றாங்கண்ணா?"

"இனி வரவேண்டீதில்ல அம்மிணி."

"முடிஞ்சுபோச்சுங்களா?" அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஏழு வருசம் கழிச்சாச்சும் முடிஞ்சுதே, சாமி!"

சேஷன் வக்கீல்தான் அவளைத் தள்ளிக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். "அப்பீல் போனாலும் நீ கூண்டுல சொன்னதைத்தாம்மா பார்ப்பா. நீதான் ஒண்ணுமே சொல்லலையே" என்று அவர் சொன்னது வராந்தாவின் இந்த முனை வரைக்கும் கேட்டது. குப்பண்ணன் அடுத்த பேரைக் கூப்பிட்டார். மூன்று தடவையும் கூப்பிட்டார்.

ஆடியில் அவளை வீட்டை விட்டுக் கிளப்பினார்கள். அந்த உத்தரவோடு போகிற ஆள்களில் ஒருவராகக் குப்பண்ணனை எழுதியிருந்தார்கள். வயிற்றுவலி என்று சொல்லி லீவு போட்டுவிட்டார். கமலாத்தாள் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்துத்தான் கேட்டாள்.

"வலி வயித்துலதானுங்களா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் நாக்கு எவ்வளவு நீளம் என்று தெருவுக்கே தெரியும். அன்றைக்கு அவள் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள். "அவகிட்டப் போயிச் சொல்லுங்க. என்றகிட்டச் சொல்லி என்னாகுது?"

மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் அவரே எத்தனை தடவை மருதாத்தாளிடம் சொன்ன வார்த்தை அது. அப்படியும் அவர் போக ஐப்பசி ஆகிவிட்டது. வெட்கம். இன்றைக்குப் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தார். கோர்ட்டு வாய்தாவுக்கும் அவர் வாய்தாவுக்கும் வித்தியாசம் இல்லை.

மருதாத்தாள் பொள்ளாச்சி ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தாள். கடலைக்காய் வியாபாரி ஒருத்தர் மூட்டை அடுக்குகிற இடம் அது. பகலில் கடலை உரிப்பாள், ராத்திரி காவலுக்குப் படுத்துக்கொள்வாள். குப்பண்ணனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பேர் கூப்பிட்டதும் எழுந்து நிற்பாளே, அதே மாதிரி.

"வாங்ண்ணா. அன்னைக்கு நீங்க சாடை காட்டலீன்னா நானு பாட்டுக்கு எதையாச்சும் ஒளறியிருப்பனுங்க. உங்களுக்குக் கெட்ட பேரு வந்திருக்கும்."

அவருக்கு உட்காரக்கூட முடியவில்லை. நின்றபடியே சொன்னார். கடியாரக்காரர் எதற்கு வந்தார், தான் என்ன நினைத்தார், அன்றைக்கு அவள் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் நல்லதுதான், கோர்ட்டுக்குமே நல்லதுதான், எல்லாம் சொன்னார். அவள் கடலையை உரித்துக்கொண்டே கேட்டாள். ஒரு படி உரித்து முடித்தாள். பிறகு முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"அப்ப இப்பச் சொல்லட்டுங்களா?"

"சொல்லு அம்மிணி."

செவலை மாட்டிலிருந்துதான் ஆரம்பித்தாள். மாடு கன்று போட்ட அன்றைக்குத்தான் மச்சாண்டார் வந்து கூப்பிட்டார். அதனால் அவளுக்குக் கிழமை வரைக்கும் மறக்கவில்லை. மோட்டாரை அவள் பேருக்கு மாற்றத்தானே போகிறோம் என்று கரண்டு ஆபீஸ் கார்டைத் தேடி எடுத்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள். ரெஜிஸ்டர் ஆபீசில் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் சுவக்கீன். அவரிடம் அந்தக் கார்டை நீட்டினாள். அவர் சிரித்துவிட்டு, "கரண்டுக் கார்டு இங்க எதுக்கும்மா? இது அந்தக் காயிதம் இல்லியே" என்றார். மச்சாண்டார் குறுக்கே விழுந்து, "அது பொறவு பாத்துக்கலாம், நீ விரல வையி" என்றார். பத்திரத்தை மலையாளத்தில் மளமளவென்று படித்தார்கள். அவளுக்கு அதில் காளிச்சாமி என்கிற பேர் மட்டும்தான் புரிந்தது. அந்தப் பேரைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலை வைத்தாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் ரோட்டில் மூன்று பொள்ளாச்சி பஸ் போய்விட்டது. ஒரு இடத்திலும் பிசிறு இல்லை. எடுத்து எழுதினால் ஒரு வார்த்தையைத் தள்ள முடியாது.

குப்பண்ணன் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "சுவக்கீனா? எந்தச் சுவக்கீன்?"

"அவருதானுங்ண்ணா, வெத்தல போட்டுட்டு, காது கேக்காதவராட்டம் தலையச் சாச்சுட்டுப் பேசுவாரே."

சுவக்கீன் வயசான பிறகு ரெஜிஸ்டர் ஆபீசை விட்டுவிட்டு, கோர்ட்டு வாசல் புளியமரத்தடியில் மேஜை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தார். அவள் கூண்டில் நின்ற அந்த வியாழக்கிழமையும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். குப்பண்ணன் வராந்தாவில் நின்று ஒரு குரல் கொடுத்திருந்தால் எழுந்து வந்திருப்பார். ஆவணியில் அவரை அடக்கம் செய்தார்கள். குப்பண்ணனும் போயிருந்தார், ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தார்.

சேஷன் வக்கீலிடம் ஓடினார். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அப்பீலுக்குக் கெடு தாண்டிடுத்து, குப்பண்ணா. சாட்சியும் போயிட்டான். ஏன் இதை அப்பவே என்கிட்டச் சொல்லலை அவள்?" என்று கேட்டவர், தானே பேச்சை நிறுத்திக்கொண்டார். அவளை மாட்டுக் கதையைத் தாண்ட விடாதது தான்தான் என்பது அவருக்கே ஞாபகம் வந்திருக்கும்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்தக் கோர்ட்டுக்கு இன்னொரு முன்சீப் வரவில்லை. குப்பண்ணனுக்கு இன்னும் ஒரு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. வராந்தாவில் பேர் கூப்பிடுகிறார். கூண்டில் யாராவது கதையை எங்கிருந்தோ ஆரம்பித்தால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது ஒன்றும் சொல்வதில்லை. கமலாத்தாளுக்கு அந்த நேரம்தான் பிடிக்கவில்லை. அடுப்படியில் பாத்திரத்தை வேண்டுமென்றே டமார் டமார் என்று வைக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் தகரக் கொட்டகைக்குப் போகிறார். மருதாத்தாள் செவலை மாட்டிலிருந்து ஆரம்பித்து முழுசாகச் சொல்கிறாள். அவர் முழுசாகக் கேட்கிறார். கோர்ட்டு ஆள் காதில் விழுந்தால் கோர்ட்டிலேயே பதிந்த மாதிரிதான் என்று அவள் நினைக்கிறாள். அப்படி இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கமலாத்தாள் தூக்குப்போசியில் குழம்பு கொடுத்தனுப்புகிறாள். "இன்னைக்கு அவ கதையில சுவக்கீன் என்ன வெத்தல போட்டிருந்தாரு?" என்று திரும்பி வந்ததும் கேட்பாள். கிண்டலாகத்தான் கேட்பாள், ஆனால் பதில் வரும்வரை நகரமாட்டாள்.

நீங்களும் ஒரு நாள் போய்ப் பாருங்கள். கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் ஏறி, கடலைக்காய்க் கொட்டகை என்றால் கண்டக்டரே இறக்கிவிடுவார். காலையில் போகாதீர்கள், உரிக்கிற வேலை இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போங்கள். மார்பில் டவாலிப் பட்டை இல்லாமல் பெரியவர் ஒருவர் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தால் அவர்தான் குப்பண்ணன். உங்கள் மேல் தப்பில்லை என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார். அவளிடம் ஒன்றும் கேட்கவும் வேண்டாம், அவளே ஆரம்பிப்பாள். மாட்டிலிருந்துதான் வருவாள். வரட்டும். கையில் கடியாரம் கட்டியிருந்தால் மட்டும், உள்ளே போகுமுன் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.